நாக்கின் நிறம்

மயக்க மருந்தில் நாய் அடங்கிவிட்டது. கண் பாதி திறந்திருக்கப் பார்வை மட்டும் எங்கோ போய்விட்டது. இனி ஜெனிட்டாவுக்கு வேலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. தலைமாட்டில் நின்று தாடையைத் தாங்கிக்கொள்ள வேண்டும், வெளியே இழுத்துவிட்ட நாக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எட்டு வயது லாப்ரடார், பெயர் டஃபி, கர்ப்பப்பை முழுக்கச் சீழ். இன்றைக்கு எடுக்காவிட்டால் ஞாயிறு தாண்டாது என்று டாக்டர் சண்முகராஜன் சொன்னதும், நாயைக் கொண்டுவந்த டீச்சர் வெளி பெஞ்சில் உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. மேஜையின் அந்தப் பக்கம் மயக்க மெஷினுக்குப் பக்கத்தில் கௌசிகா நிற்கிறாள். கோவில்பட்டிக்காரி, இருபத்திரண்டு வயது, வந்து ஏழு மாசம். நீலக் கோட்டு, நெஞ்சில் நூலால் தைத்த பெயர், பெயருக்குக் கீழே டெக்னீசியன். ஜெனிட்டாவின் கோட்டு பச்சை. அதில் பெயர் கிடையாது. கூட்டுகிற பொன்னுத்தாயின் கோட்டும் பச்சைதான் என்பதால் சலவைக்குப் போய் வரும்போதெல்லாம் மாறிவிடும், போன வாரம்கூட அவள் சட்டைப்பையில் பொன்னுத்தாயின் வெற்றிலைக் காம்பு இருந்தது. ஐந்து வருஷமாக வெற்றிலைக் காம்பு. இந்தப் பெண்ணுக்கு ஏழு மாசத்தில் நூலால் தைத்த பெயர். "கௌசிகா, ஹார்ட் எவ்ளோ?" என்றார் டாக்டர், கத்தியை வைக்கும் முன்னால். "நூத்திப்பத்து டாக்டர்." "ஜெனிட்டா, நல்லா புடிச்சுக்கம்மா." அதாவது ஒருத்தியிடம் கேள்வி, இன்னொருத்தியிடம் கை. கேள்வி கேட்கப்படுவது எப்படியிருக்கும் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள். முதல் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் கை தூக்கியவள்தான். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலில் தொண்ணூற்றொன்று. அப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை, கிளிட்டஸ் வீட்டார் பெண் கேட்டதைத் தவிர.

காலேஜ் விண்ணப்பப் பாரம் கைப்பையில் இருக்கிறது. கைப்பை எக்ஸ்ரே ரூம் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. ஐந்து மணிக்குள் காலேஜ் ஆபீசில் கொடுத்தாக வேண்டும், இன்றோடு கடைசி. மூன்று வருஷப் படிப்பு, கால்நடை டெக்னீசியன் பட்டம், வருஷத்துக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம், பேங்கில் கடன் தருவார்கள். ஆனால் வேலை செய்த அனுபவம் இருந்து, ஒரு டாக்டர் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நேரே இரண்டாம் வருஷத்தில் சேர்த்துக்கொள்வார்களாம். ஒரு வருஷமும் ஒரு லட்சமும் மிச்சம். அதற்காகத்தான் இந்த ஆபரேஷன் முடியட்டும் என்று காத்திருக்கிறாள். டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார், "முடிச்சிட்டு எழுதித் தாரேன், ஞாபகப்படுத்து" என்று. ஞாபகப்படுத்துவது, அது ஒரு பெரிய வேலை, அதற்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பது. பேங்கிலும் அப்படித்தான் நின்றாள். மேனேஜர் அம்மா பாரத்தைப் பார்த்துவிட்டு, "குழந்தைக்கு என்ன வயசு?" என்றார். ரெண்டரை மேடம். "அடுத்த பிள்ளைக்கு ஏதும் பிளான் இருக்கா?" இல்லை மேடம் என்று சொன்னது பொய் சொல்வதுபோல இருந்தது. கௌசிகாவிடம் இதையெல்லாம் கேட்டிருப்பார்களா. கேட்டிருக்க மாட்டார்கள். அவளுக்கு அப்பா கையெழுத்துப் போட்டார், பஸ் ஏற்றிவிட்டார், ஹாஸ்டலுக்கு முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த முறுக்கைப் பற்றி கௌசிகா ஒருநாள் சிரிப்பாகச் சொன்னாள், எங்கப்பா மாசாமாசம் ஒரு தூக்குவாளி முறுக்கோட வந்துருவாருக்கா, மானமே போயிரும் என்று. ஜெனிட்டாவும் சிரித்தாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது காரணமில்லாமல் பிள்ளையை அதட்டினாள்.

கறுப்பு ரப்பர் பை உப்பி வற்றியது. உப்பி வற்றியது. தொண்டைக்குள் விட்ட டியூப் வழியாக நாய் மூச்சு விடுவதை அந்தப் பையில்தான் பார்க்கலாம். கௌசிகா அதை ஒரு கண்ணால் பார்த்தபடி அட்டையில் எண் எழுதுகிறாள். என்ன எழுதுகிறாள் என்று ஜெனிட்டாவுக்குத் தெரியும், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை இதயம், மூச்சு, ஆக்சிஜன், மயக்கக் காஸ் எவ்வளவு. தெரியும், ஆனால் எழுத அவளிடம் பேனா இல்லை. கௌசிகாவின் கையெழுத்து கோழி கிண்டியதுபோல இருக்கும். ஜெனிட்டாவின் கையெழுத்தைப் பார்த்தால் அச்சு என்பார்கள். நாலு கோடு நோட்டில் சிஸ்டர் இம்மாகுலேட் ஸ்கேலை வைத்துக்கொண்டு பின்னாலேயே நின்று வரவழைத்த கையெழுத்து. அந்த சிஸ்டர்தான் சனிக்கிழமை ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் ஒப்பிக்கச் சொல்வார், ஆங்காரம், கோபம், காய்மகாரம் என்று பிள்ளைகள் ராகம் போட்டுக் கத்தும். காய்மகாரம்னா என்ன சிஸ்டர் என்று யாரோ கேட்டதற்கு, "பொறாமைதான் பிள்ள. அடுத்தவளுக்கு நல்லது நடந்தா உனக்கு வயிறு எரியுது பாரு, அது" என்றார். ஏழிலும் அது ஒன்றுதான் செய்கிறவளுக்குக் கொஞ்சம்கூட சந்தோஷம் தராத பாவம் என்று சொன்னதும் அவரேதான். சோம்பலில்கூடத் தூக்கம் உண்டு. சாமியாரிடம் பாவம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாள் போடும்போது அந்தக் கட்டத்தை மட்டும் தைரியமாகத் தாண்டிவிடுவாள். அப்போது யாருக்கும் எதுவும் இல்லை, எல்லோருக்கும் ஒரே யூனிபாரம், யாரைப் பார்த்து எரிவது. இப்போது எரிகிறது. நெஞ்செலும்புக்குக் கீழே, வெறும் வயிற்றில் மாத்திரை போட்டதுபோல. இருபதாயிரம். காலேஜ் நோட்டீசில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, ஆரம்பச் சம்பளம் இருபதாயிரம் முதல். அப்படியானால் கௌசிகாவுக்கு இருபது. தனக்கு ஒன்பது. ஒன்பதில் பிள்ளை மிரியாவைப் பார்த்துக்கொள்கிற எதிர்வீட்டு அக்காவுக்கு இரண்டு. கடனோடு படித்து முடித்தால் இருபதில் மாசம் ஐந்து பேங்குக்குப் போனாலும் பதினைந்து கையில் நிற்கும். இந்தக் கணக்கை ஆயிரம் தடவை போட்டாயிற்று. போடும்போதெல்லாம் சரியாக வருகிறது, போட்டு முடித்ததும் பயம் வருகிறது. கிளிட்டசுக்குத் துறைமுகத்தில் காண்ட்ராக்ட் மார்ச்சோடு முடிகிறது. "சேரணும்னா சேருட்டி, நான் வேண்டாங்கல. ஏப்ரல்ல நான் வீட்டுல இருந்தேம்னா என்ன திங்கதுன்னு மட்டும் யோசிச்சுக்க" என்றான். மிரட்டவில்லை, பல் விளக்கிக்கொண்டே சொன்னான். அதுதான் பயமாக இருந்தது.

மானிட்டர் கத்த ஆரம்பித்தது. டாக்டர் தலை நிமிராமல், "அந்தப் பொய்க்காரி வாய மூடு" என்றார். கௌசிகா எட்டி அமுக்கினாள். அது அப்படித்தான், நாக்கில் மாட்டுகிற கிளிப் காய்ந்துபோனாலும் வழுக்கினாலும் நாய் செத்துப்போனதுபோல ஊளையிடும். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை ஊளையிட்டால் யார் கேட்பார்கள். அதனால் இந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். மெஷினை அமுக்கிவிட்டு நாக்கைப் பார்ப்பது. நாக்கைப் பார்ப்பது தலைமாட்டில் நிற்கிறவள் பொறுப்பு. நிறம் மாறினால் "டாக்டர், நாக்கு" என்று சொல்ல வேண்டும், இரண்டே வார்த்தை. ஐந்து வருஷத்தில் அந்த இரண்டு வார்த்தையால் எத்தனை உயிர் பிழைத்திருக்கிறது என்று டாக்டரே வருகிறவர்களிடம் சொல்வார், எங்க ஜெனிட்டா கண்ணுக்கு முன்னாடி மெஷின்லாம் சும்மா என்பார். அப்படிச் சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கும். மாசக் கடைசியில் கவரைப் பிரிக்கும்போது அந்த நன்றாக எங்கே போகிறது. கண்ணுக்குச் சம்பளம் இல்லை, காகிதத்துக்குச் சம்பளம். டாக்டர் இரண்டு கையாலும் கர்ப்பப்பையை வெளியே தூக்கினார், சீழ் கோத்து வாழைக்குலை மாதிரி கனத்துக்கொண்டு வந்தது. இழுத்த இழுப்பில் நாயின் உடம்பு மேஜையில் மூன்று விரற்கடை கீழே நகர்ந்தது. தலை மட்டும் ஜெனிட்டாவின் கையில் இருந்த இடத்திலேயே இருந்தது.

அதற்குப் பிறகுதான் நாக்கைப் பார்த்தாள். ரோஜா நிறம் கொஞ்சம் சாயம் போனாற்போல இருந்தது. லைட்டாக இருக்கும். லைட் இல்லை. ஓரத்தில் தொடங்கி உள்ளே போகிறது, கத்தரிப்பூ நிறம், மிக லேசான கத்தரிப்பூ. வாய் திறந்தாள். எதிரே கௌசிகா இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பேனாவை அட்டையில் ஊன்றிக்கொண்டு, ஏதோ பாட்டு கேட்பவள்போல நிம்மதியாக. அந்த நிம்மதியைப் பார்த்ததும் சொல்ல வந்த இரண்டு வார்த்தை பல்லுக்குப் பின்னால் நின்றுவிட்டது. இருபதாயிரம் வாங்குகிறவள் பார்க்கட்டுமே. மெஷின் பக்கம் நிற்கிறவள் அவள்தானே. மூன்று வருஷம் படித்தவளுக்கு நாக்கின் நிறம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா. இப்போது பார்ப்பாள். இதோ திரும்பப் போகிறாள். ரப்பர் பை உப்பவில்லை, பாதியில் நின்றது. இப்போது பார்ப்பாள். முகத்தை மாற்றாமல் வைத்துக்கொள்வது இவ்வளவு சுலபமா என்று ஜெனிட்டாவுக்கு ஆச்சரியமாக இருந்தது, பிரேயரில் சிரிப்பை அடக்கிய பழக்கம். பை மறுபடி உப்பப் பார்த்து அமுங்கியது. கையில் இருக்கிற தாடை வெதுவெதுவென்று இருக்கிறது, மீசை மயிர் மணிக்கட்டில் குத்துகிறது, இது டஃபி, வெளியே டீச்சர் உட்கார்ந்திருக்கிறார். இன்னும் ஒரு மூச்சு. ஒன்றே ஒன்று. அதற்குள் அவள் பார்க்காவிட்டால் சொல்லிவிடலாம். இதை ஏற்கெனவே இரண்டு தரம் நினைத்துவிட்டோம் என்பதும் தெரிந்தது.

"ரத்தம் கருப்பா வருது." டாக்டரின் குரல். "ஏய், கௌசிகா. என்ன பாத்துட்டு நிக்கிற அங்க?"

கௌசிகா குனிந்தாள். அடுத்து நடந்ததெல்லாம் ஒரே வீச்சில் நடந்ததுபோல இருந்தது. காஸை மூடினாள், நாயின் வாய்க்குள் விரலை விட்டாள், "டியூப் மடங்கிருச்சு டாக்டர், உடம்பு எறங்கிருச்சு, தல எறங்கல" என்றாள், ஜெனிட்டாவின் கையோடு சேர்த்துத் தலையைக் கீழே தள்ளி டியூபை நேராக்கினாள், பையை அமுக்கினாள், விட்டாள், அமுக்கினாள். உதடு அசைந்து எண்ணிக்கொண்டிருந்தது. கத்தரிப்பூ வெளிறி, சாம்பலாகி, பிறகு மெதுவாக, மிக மெதுவாக ரோஜா திரும்பியது. ஜெனிட்டா நின்றுகொண்டே இருந்தாள். நிறம் மாறுவதை ஐந்து வருஷமாகப் பார்த்திருக்கிறாள், ஆனால் மாறினால் இந்த விரல் இப்படி உள்ளே போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லத்தான் தெரியும். அந்தச் சொல்லைத்தான் இன்றைக்குச் சொல்லவில்லை. டாக்டர் தையலைத் தொடர்ந்தார். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "சர்டிபிகேட்ட பிரேம் போட்டு வீட்டுல மாட்டிட்டு வந்துட்டியா? கண்ணு எங்கம்மா இருந்துச்சு?" என்றார். கௌசிகா, "சாரி டாக்டர்" என்றாள். இதைக் கேட்கத்தானே காத்திருந்தது. கேட்டாயிற்று. நெஞ்சில் எரிச்சல் அடங்கி ஒரு குளிர்ச்சி வரும் என்று பார்த்தால் அங்கே ஒன்றுமே வரவில்லை, காலியாக இருந்தது.

கழுவுகிற அறையில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று கத்தரிகளையும் கவ்விகளையும் தேய்த்தார்கள். ஜெனிட்டா ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்தாள். அழுகிறாளோ என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். அழவில்லை. "நாய் பொழச்சிச்சுல்ல, விடு" என்றாள்.

"ஆமாக்கா." கௌசிகா ஒரு கவ்வியைத் திறந்து மூடிப் பார்த்தாள். "தப்பு என்னுதுதான். பைய பாத்திருக்கணும். நான் உங்க மூஞ்சியப் பாத்துட்டிருந்தேன்."

"என் மூஞ்சியையா?"

"பின்ன? வந்த நாள்லேர்ந்து அப்படித்தான். பொய்க்காரிய யாரு நம்புவா. நாக்கு நெறம் மாறுறதுக்கு முன்னாடியே உங்க புருவம் ஏறிரும்க்கா, நீங்க கவனிச்சதில்லையா? நான் அதப் பாத்துத்தான் காஸ கொறப்பேன். இன்னைக்கு நீங்க ஒண்ணுமே காட்டல. அதான் எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சுட்டேன். அங்கயிருந்து வெளிச்சத்துல தெரியலையோ?"

ஜெனிட்டா குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். ஏழு மாசமாக ஒருத்தி தன் முகத்தைப் படித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், பாடம் படிப்பதுபோல, தான் அவள் சம்பளத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது. இது தெரிந்திருந்தால் முகத்தை அப்படி வைத்திருப்பேனா. வைத்திருப்பேன் என்று உடனே ஒரு குரல் சொன்னது, இன்னும் நன்றாக வைத்திருப்பாய் என்றது. பயந்துபோனாள். பிள்ளையைத் தூக்குகிற கை இது. காய்ச்சலில் அதன் நெற்றியைத் தொடுகிற கை.

"பாரம் குடுக்கப் போறீங்களாக்கா இன்னைக்கு?" என்றாள் கௌசிகா. "ரெண்டாவது வருஷத்துலன்னா சேருங்க. மூணு வருஷம்னா வேண்டவே வேண்டாம்."

ஏன், நானும் நீலக் கோட்டு போட்டுவிடுவேன் என்றா. அந்த நினைப்பு அவ்வளவுக்குப் பிறகும் தயாராக வந்து நின்றது. "ஏன், இருபதாயிரம் கசக்குமா?" என்றாள்.

"இருவதா? அது நோட்டீஸ்ல போடுறதுக்கா. எங்க கிளாஸ்ல ஒருத்திகூட இருவது வாங்கல. எனக்கு இங்க பதினாலு. எட்டு பேங்குக்குப் போயிருது, இன்னும் நாலரை வருஷம் போகணும். ஆறுல ரூம் வாடகை, சாப்பாடு. போன மாசம் எங்கப்பாகிட்ட ஐநூறு வாங்குனேன், வேலைக்குப் போற பொண்ணு." சிரித்தாள். "உங்களுக்கு ஒம்பதுல்ல? என்னையவிட நீங்க பணக்காரி."

ஒன்பதும் ஆறும். எத்தனை முறை போட்ட கணக்கு, ஒரு நிமிஷத்தில் தலைகீழானது. இரண்டு வருஷம் படித்தால் கடனுக்கு ஐந்து போய் ஒன்பது மிஞ்சும், அதாவது இப்போது வாங்குவதே. மூன்று வருஷம் படித்தால் ஆறு, அதாவது இப்போது வாங்குவதிலும் குறைவு, அதில் எதிர்வீட்டு அக்காவுக்கு இரண்டு. அப்படியானால் இத்தனை நாள் எதற்கு எரிந்தோம். பணத்துக்கு இல்லையென்றால் எதற்கு. இந்தக் கணக்கில் பொறாமைப்பட ஒரு ரூபாய்கூட இல்லை, ஆனாலும் கௌசிகாவின் விரலைப் பார்க்கையில், சோப்பு நுரையில் கவ்வியைத் தேய்க்கிற அந்த மெலிந்த விரலைப் பார்க்கையில், முன்னைவிட அதிகமாக எரிந்தது. அது தெரிந்த விரல். எங்கே போக வேண்டும் என்று தெரிந்து போன விரல்.

டாக்டர் தன் அறையில் டீயை ஆறவிட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஞாபகப்படுத்தவே தேவைப்படவில்லை. "வா, எழுதிட்டேன்" என்றார். "இன்னைக்கு நடந்ததப் பாத்தப்புறம் நல்லாவே எழுதியிருக்கேன். நீ சொல்லலன்னா நாக்குல இன்னும் தெரியலன்னு அர்த்தம், பைய பாக்கவேண்டியவ அவதான். சீக்கிரம் படிச்சிட்டு வா. அந்தப் பொண்ணுக்குக் காண்ட்ராக்ட் ஒரு வருஷந்தான், புதுப்பிக்கணும்னு எனக்கு ஒண்ணும் ஆசையில்ல. அந்த எடம் ஒனக்குத்தான்." லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் ஏழு வரி. ஐந்தாண்டுகள், அறுநூறுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள், மயக்கநிலைக் கண்காணிப்பு. ஆறாவது வரியில், நோயுற்ற பிராணியின் நிலை மாறியதை ஒருமுறைகூட இவர் சொல்லத் தவறியதில்லை என்று இருந்தது. கீழே கையெழுத்து. ரப்பர் ஸ்டாம்ப் இன்னும் ஈரம். அவள் அந்த வரியைப் படித்தாள். மறுபடி படித்தாள். வாங்கி மடித்துக்கொண்டு படியிறங்கினால் பஸ் நிற்கும், நாலு மணி பஸ். ஒரு லட்சம் மிச்சம். அந்த இடமும் காலியாகும். யாருக்கும் தெரியாது, நாய்க்குத் தெரியாது, கௌசிகாவே வெளிச்சம் என்று சொல்லிவிட்டாள். கிளிட்டசிடம் சொன்னால் நீ வாய வச்சிட்டு சும்மா இருக்கமாட்டியா என்பான். ஏப்ரல் வருகிறது. மிரியாவை எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும், அதே கான்வென்ட், அதே நாலு கோடு நோட்டு. ஏதோ ஒன்று அவளை அந்த வரியிலிருந்து கண்ணை எடுக்க விடவில்லை. பாவம் என்ற பயமாகக்கூட இருக்கலாம். இல்லை, இன்னும் கீழான ஒன்று. இதை வாங்கிக்கொண்டு போனால் காலமெல்லாம் கௌசிகா தன்னைவிட மேலே இருப்பாள், நீலக் கோட்டு இல்லாமலே மேலே இருப்பாள், அதைத் தாங்க முடியாது.

"இந்த வரிய அடிச்சிருங்க டாக்டர்" என்றாள்.

"எத?"

"ஆறாவது. நான் பாத்தேன். டியூப் மடங்குனது தெரியாது, நாக்கு மாறுனது பாத்தேன். நாலு மூச்சு இருக்கும். சொல்லல."

டாக்டர் பேனாவை மூடினார். பிறகு திறந்தார். "தெரியாமயா?"

"தெரிஞ்சு."

அவர் அந்தக் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், கிழிக்கவில்லை, அடிக்கவும் இல்லை. "இந்த வரி இல்லாம ரெண்டாம் வருஷத்துல எடுக்கமாட்டான். தெரியும்ல?"

"மூணு வருஷமும் படிக்கேன் டாக்டர்." எப்படி, எதை வைத்து என்று அவளுக்கே தெரியவில்லை. ஆறாயிரம். அந்த எண் காதில் ஒலித்துக்கொண்டிருந்தபோதே சொல்லிவிட்டாள். "விரல எங்க விடணும்னு எனக்குத் தெரியாது. அத மொதல்லேர்ந்துதான் படிக்கணும்."

"படிப்புக் கதைய அப்புறம் பேசலாம். நாளைக்கு நீ இங்க வேலைக்கு வரியா இல்லியாங்கறதே நான் இன்னும் யோசிக்கல. நான் அந்தப் பிள்ளையத் திட்டினேன்ல. அத மொதல்ல சரி பண்ணு." அவர் கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "கௌசிகா, இங்க வாம்மா."

வராந்தாவில் ரப்பர் செருப்புச் சத்தம் நெருங்கியது. ஓடவில்லை, அவசரப்படவில்லை, திட்டு வாங்கியவள் நடக்கிற நடையாகவே இல்லை. கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, "என்ன டாக்டர்?" என்றாள், ஜெனிட்டாவைப் பார்த்தாள், லேசாகச் சிரித்தாள்கூட, கையெழுத்து வாங்கிட்டீங்களா என்று கேட்பதுபோல. இன்னும் ஒரு நிமிஷத்தில் இவளுக்குத் தெரிந்துவிடும். கத்துவாள், அல்லது அழுவாள், அல்லது, இவளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது, பரவாயில்லக்கா என்று சொல்லிவிடுவாள். சொல்லிவிடுவாள். மன்னிக்கிற இடமும் அவளுக்கே போகப்போகிறது. இத்தனைக்குப் பிறகும் நெஞ்செலும்புக்குக் கீழே ஒரு சின்னத் தணல் கிடந்து கனன்றது, வெட்கமில்லாமல். ஜெனிட்டா அதைக் கூடவே வைத்துக்கொண்டு, "கௌசிகா, வெளிச்சம் நல்லாத்தான் இருந்துச்சு" என்று ஆரம்பித்தாள்.